ரித்தியின் கண்ணில் படாமல்

"வாயைப் பாத்தியா?" என்றுதான் மோதெஸ்தா முதலில் கேட்டாள்.

நாலு மணி நேரம் மழையில் நடந்து வந்தவளுக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுக்கவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. எவரிஸ்தாவும் எதிர்பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த கயிற்றைச் சுருக்கி, மறுமுனையில் நின்ற வெள்ளை அல்பாக்காக் கிடாவின் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள். கீழ்ப்பல் வரிசை மேல் ஈறில் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது.

பிறகு மற்றதெல்லாம். கண் கறுப்புதானா, நீலம் ஓடவில்லையே என்று கேட்டாள். வெள்ளை அல்பாக்காவுக்குக் கண் நீலமாக இருந்தால் காது செவிடாக இருக்கும். குளம்பு விரல் காலுக்கு இரண்டுதானா என்று கேட்டாள். விதை இரண்டும் ஒரே அளவா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். விலாவில் மயிரைப் பிரித்து அடிவரை பார்த்தாள். அவ்வளவு மழையிலும் உள்ளே காய்ந்து, சுருள் சுருளாக, பஞ்சு மாதிரி இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் கடைசியில், குறை கிடைக்காத வருத்தத்தோடு. "மூணு பெட்டைய வாரிக் குடுத்துட்டு வந்திருக்க. இருக்கணும்ல."

மோதெஸ்தா, எவரிஸ்தாவின் புருஷன் சிப்ரியானோவுக்கு அக்கா. புருஷனை இழந்து பத்து வருஷமாகிறது. அவளுடைய பன்னிரண்டு பெட்டைகளும் இவர்களுடைய பதினெட்டும் ஒரே பட்டியில்தான் அடைகின்றன. சிப்ரியானோ சுரங்க வேலைக்குப் போய்விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். ஆகவே பட்டியின் நல்லது கெட்டது எல்லாம் இந்த இரண்டு பெண்களின் தலையில்தான்.

பல்லைப் பார்க்கிற இந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மழைக்காலத்தில் அதுவரை பிறந்த பதினொரு குட்டிகளில் நாலுக்குத் தாடை கோணல். கோணல் தாடைக் குட்டி மடியைத் தேடிப் போகும், காம்பைக் கவ்வும், பால் கடைவாயில் ஒழுகும். மூன்றாம் நாள் படுத்துவிடும். நாலும் அப்படித்தான் போயின. ஐந்தாவது ஒன்று காதே இல்லாமல் பிறந்து, இன்னும் உயிரோடு திரிந்தது. பட்டியின் பழைய கிடா கப்பித்தானுக்கு வயது ஏறிவிட்டது. இப்போது ஈனுகிற பெட்டைகளில் பாதி அவனுடைய மகள்கள். ரத்தம் களைத்துப் போச்சு என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். களைத்த ரத்தத்துக்குப் புது ரத்தம் வந்தாக வேண்டும். அதுவும் மழைக்காலக் கடைசியில் கொண்டாடும் கார்னவால் பண்டிகைக்குள் வர வேண்டும். பெட்டை பதினோரு மாதத்துக்கு மேல் சுமக்கிற ஜாதி. கார்னவால் தாண்டிச் சினை பிடித்தால் அடுத்த வருஷம் குட்டி மழை ஓய்ந்த பிறகு விழும். அப்போது புல் காய்ந்திருக்கும், தாயின் மடியில் பால் இருக்காது, விடியற்காலை உறைபனி குட்டியை நின்ற இடத்திலேயே விறைக்க வைத்துவிடும்.

கார்னவாலுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கிடாவின் பெயர் ரித்தி. எங்கள் கெச்சுவா மொழியில் பனி என்று அர்த்தம். அடுத்த பள்ளத்தாக்கில் நிக்கானோரின் பட்டியில் இருந்தவன். எவரிஸ்தா அவனை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று மோதெஸ்தா கேட்டபோது, "நான் எங்க தேர்ந்தெடுத்தேன் மதினி? அவனா வந்தான்," என்றாள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

பிராணி வாங்கப் போகிறவள் பட்டிக்குள் நுழைந்ததும் கை நீட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பாவாடை விளிம்பில் கொஞ்சம் கோக்கா இலையை ஏந்திக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தானாக எது வருகிறதோ அதை மலை அவளுக்கென்று கொடுத்துவிட்டது. பெரும்பாலும் எதுவும் வராது. அல்பாக்கா மனுஷரைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு விலகுகிற பிராணி. அரை நாழிகை நின்று பார்த்துவிட்டு, பட்டிக்காரன் காட்டுகிறவற்றில் ஒன்றைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொண்டு போவதுதான் நடக்கும்.

எவரிஸ்தா நின்ற அன்று, இருபது கிடாக்கள் மறுபக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, ரித்தி மட்டும் நடுவாக நடந்து நேரே அவளிடம் வந்தான். தொப்பி விளிம்புக்கடியில் மூக்கை நுழைத்து அவள் கன்னத்தில் மூச்சு விட்டான். நிக்கானோர் இதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு மேல நான் வாய் தொறந்து என்ன சொல்லக் கிடக்கு? அவனே சொல்லிட்டானே," என்றான். அதன் பிறகு அவள் இரண்டு பெட்டைக்குமேல் தர மாட்டேன் என்று வாதாடவில்லை. மூன்று கேட்டான், மூன்றையும் கொடுத்தாள். மூன்றும், தனக்குக் கல்யாணமானபோது தாய் வீட்டிலிருந்து அவள் ஓட்டி வந்த பெட்டைகளின் பெண்வழி.

விற்ற பிராணியோடு பட்டியின் பாக்கியமும் போய்விடாமல் இருக்க, அதன் மயிரில் ஒரு கொத்தை எடுத்து வைத்துக்கொள்வது எங்களுக்குள் வழக்கம். நிக்கானோரின் மனைவி செனோபியா கொத்தை எடுக்க வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். நல்ல கிடா போகிறதே என்று அழுகிறாள் என எவரிஸ்தா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை கப்பித்தானைச் சுவரோரம் கட்டிவிட்டு ரித்தியைப் பெட்டைகளுக்குள் விட்டார்கள். ஈன்று பதினைந்து நாள் தாண்டிய பெட்டைகள் ஆறேழு தயாராக இருந்தன. புதுக் கிடாவின் வாசனை பட்டதுமே இரண்டு பெட்டைகள் முன்கால் மடக்கிப் படுத்துக்கொண்டன. இதற்குமேல் கிடாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தொண்டையில் குமுகுமுவென்று ஓசை எழுப்பிக்கொண்டு சுற்றி வந்து, மேலேறி, கால் மணி அரை மணி நேரம் காரியத்தைப் பார்ப்பான்.

ரித்தி படுத்திருந்த பெட்டையின் மேல் கால் படாமல் கவனமாகத் தாண்டினான். பட்டியின் திறப்பு வழியாக வெளியே வந்தான். சமையல் குடிசையின் வாசலில் நின்று தலையை உள்ளே விட்டான்.

"சூப்பு கேக்குறான்," என்றாள் மோதெஸ்தா.

முதல் நாள் அல்லவா, நடந்த களைப்பாக இருக்கும் என்று விட்டார்கள். இரண்டாம் நாளும் அதேதான். எவரிஸ்தா மேய்ச்சலுக்குப் போனால் ரித்தி மந்தையை விட்டுவிட்டு அவள் பாவாடைக்குப் பின்னால் வந்தான். அவள் உட்கார்ந்து நூல் நூற்றால் பக்கத்தில் படுத்து அசைபோட்டான். உறைபனியில் காயவைத்த சுன்யோ உருளையை உரித்தால் தோலுக்கு வாயைத் திறந்தான். முதல் வாரம் முழுக்க அவளுக்கு இது பயமாகத் தெரியவில்லை, பாசமாகத்தான் தெரிந்தது. பயம் எட்டாம் நாள் வந்தது. ஈரப் புல்வெளியில் குனிந்து வாய்க்கால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அந்தக் குமுகுமு ஓசை கேட்டது. ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். கடைசியில் ஒரு பெட்டையைப் பிடித்துவிட்டான் என்று திரும்புவதற்குள் இரண்டு முன்காலும் அவள் தோளில் விழுந்தன. முகம் சேற்றில் போய்ப் பதிந்தது.

மோதெஸ்தா ஓடி வந்து கவணால் அவன் பின்னங்காலில் அடித்து விலக்கினாள். எவரிஸ்தா எழுந்து உட்கார்ந்தபோது மோதெஸ்தா சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"மூணு பெட்டைய குடுத்து எனக்கு ஒரு தம்பிய வாங்கிட்டு வந்திருக்க. சிப்ரியானோ வந்தா எங்க படுக்கிறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும்."

"சும்மா இருங்க மதினி."

"நான் சும்மா இருக்கேன்டி. என் பன்னெண்டு பெட்டையும் சும்மா இருக்கே, அதச் சொல்லு."

அன்று இரவு எவரிஸ்தா தூங்கவில்லை. சாப்பிடும்போது மோதெஸ்தா சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடந்தாள். கோணல் வாயோ நேர் வாயோ, கப்பித்தானை அவிழ்த்துவிட்டால் அடுத்த வருஷம் ஏதோ ஒன்று பிறக்கும், பிறந்ததில் பாதியாவது பிழைக்கும். இவனை நம்பினால் ஒன்றுமே பிறக்காது. அது தவறான கணக்கு என்று எவரிஸ்தாவால் சொல்ல முடியவில்லை. கப்பித்தானின் மகள் வயிற்றில் கப்பித்தானின் குட்டி, அதன் வயிற்றிலும் அவனுடையதே என்று போனால் பட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

விடிந்ததும் நிக்கானோரின் பள்ளத்தாக்குக்கு நடந்தாள். கிடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டைகளைக் கேட்பது என்றுதான் போனாள். நிக்கானோர் உட்கார வைத்தான், கோக்கா கொடுத்தான், பேச்சைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்தான். கடைசியில், அவளுடைய மூன்று பெட்டைகளையும் வந்த மூன்றாம் நாளே தன் கிடாவுக்கு விட்டாயிற்று, சினையான பிராணியைத் திருப்பித் தரும் வழக்கம் தன் தகப்பன் காலத்திலும் இல்லை என்றான். அவள் அவனை விட்டுவிட்டு அடுப்படியில் இருந்த செனோபியாவிடம் போனாள்.

"அக்கா, அன்னைக்கு எதுக்கு அழுதீங்க?"

செனோபியா அடுப்பில் சாணத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. ரித்தி பிறந்த அன்றே தாய் இடி விழுந்து செத்துப்போனது. அவள்தான் அவனைச் சால்வையில் கட்டி முதுகில் சுமந்தாள். புட்டியில் பால் கொடுத்தாள். இந்த அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகளோடு, ஒரே தோலில்தான் படுத்தான். ஒரு வயதுவரை பட்டிக்குள் போனதே இல்லை.

"அவனுக்கு அவன் அல்பாக்கான்னு தெரியாது. நம்மள மாதிரி ஒருத்தன்னு நெனச்சிட்டிருக்கான். மனுஷ வாசன பட்டா மத்த எதுவும் அவன் கண்ணுல படாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. பாவாடைய விரிச்சிட்டு நின்ன. அவன் வந்தான். மலை குடுத்ததுன்னு நீயே சந்தோஷப்பட்ட. அவன் யாரு நின்னாலும் வருவான் தாயி. அஞ்சலட்டை கொண்டாரவன் நின்னாலும் வருவான்."

எவரிஸ்தாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து தொப்பியை எடுத்தபோது செனோபியா கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பட்டிக்கு வெளியே ஒரு வயதுக் குட்டிகள் நாலைந்து மேய்ந்தன. அதில் இரண்டைக் காட்டினாள். நெற்றி, கழுத்து வாகு, மயிர்ச் சுருள் எல்லாம் ரித்திதான். எவரிஸ்தா ஒன்றைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். பல் நேராக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் பித்தப்பையில் கல் என்று செனோபியாவை நகரத்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளைகளும் அவளோடு போய்விட்டார்கள். நிக்கானோர் மந்தையை மேட்டில் விட்டுவிட்டு, தூரத்துப் பாறையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தான். அந்த இருபத்திரண்டு நாளில்தான் இந்தக் குட்டிகள் உண்டாயின. அவள் திரும்பி வந்ததும் ரித்தி மறுபடியும் அடுப்படிக்கு வந்துவிட்டான்.

"அவன் கண்ணுல படாத. உன் வாசன காத்துல போகக் கூடாது. குரல் கேக்கக் கூடாது. இருபது நாள். முடியுமா உன்னால?"

முடியும் என்று எவரிஸ்தா சொன்னாள். திரும்பி வரும் வழி முழுக்க, முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டே வந்தாள்.

மோதெஸ்தாவைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. மேட்டு மேய்ச்சலில் இருக்கிற குடிசைக்கு அவள் மந்தையை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மந்தைக்கு நடுவில் போகக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பாறை மறைவில் கவணை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நரிக்கும் பூமாச் சிறுத்தைக்கும் காவல் இருக்க வேண்டும், ரித்திக்கு மட்டும் இல்லாதவளாக இருக்க வேண்டும்.

"செத்தவ மாதிரி இருக்கணும்ங்கிற."

"ஆமா மதினி."

"சரி. ஆனா கார்னவாலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீழ வருவேன். அதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலன்னா கப்பித்தான அவுத்துட்டுப் போவேன். அப்ப நீ என் கால்ல விழக் கூடாது."

எவரிஸ்தா ஒப்புக்கொண்டாள். கப்பித்தானோடும் சின்னக் குட்டிகளுக்குத் தேவையான மருந்துப் பையோடும் அவள் கீழே தங்கினாள். மருந்துப் பை கீழே தங்கியதற்குக் காரணம் மறதிதான். அந்த நாட்களில் அவளுக்கு எல்லாமே மறந்தது.

ஐந்து நாளைக்கு ஒருமுறை மோதெஸ்தா உணவுக்காக இறங்கி வந்தாள். முதல் தடவை வந்தபோது, அவன் குடிசை வாசலில் போய் நின்று கூப்பிட்டான் என்றாள். இரண்டாம் தடவை, மந்தைக்குக் கொஞ்சம் தள்ளி ஒற்றையாக நின்று கீழ்ப் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். மூன்றாம் தடவை, மழையில் மற்றவற்றோடு ஒட்டிப் படுத்தான் என்றாள். படுத்தது மட்டும்தானா என்று கேட்டதற்கு, படுத்தது மட்டும்தான் என்றாள். நாலாம் தடவை வந்தபோது கப்பித்தானின் கயிற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கெடு முடிய மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்று நாளில் முதல் நாள் மத்தியானம் ஆலங்கட்டி விழுந்தது. மேட்டில் இடி இறங்குவதைக் கீழேயிருந்து பார்க்க முடிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் எவரிஸ்தா எண்ணிக்கொண்டு நின்றாள். ரித்தியின் தாய் இடியில் செத்தது நினைவுக்கு வந்தது. வீட்டுச் சுவரைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். மூன்றாம் முறை நடக்கவில்லை, மேட்டுப் பாதையில் ஏறிவிட்டாள். பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம், காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போனால் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முகட்டின் மேல் வயிறு தரையில் படப் படுத்துத் தலையை மட்டும் நீட்டினாள். எல்லாம் உயிரோடு இருந்தன. வெள்ளையாக மூடிய புல்லில் பெட்டைகள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தன. ரித்தி அவற்றின் நடுவே நின்றான். ஒரு பழுப்புப் பெட்டை அவன் முன்னால் படுத்திருந்தது. அவன் அதன் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டிருந்தான்.

அப்போது காற்று திரும்பியது. மலையில் இடிமழைக்குப் பிறகு காற்று எப்போதும் திரும்பும். அது அவளுக்குத் தெரியாததல்ல.

ரித்தி தலையைத் தூக்கினான். இரண்டு காதும் முகட்டை நோக்கி நின்றன. பெட்டையைத் தாண்டி, முதல் நாள் செய்தது போலவே கால் படாமல் கவனமாகத் தாண்டி, அவளை நோக்கி நடந்தான். பிறகு ஓடினான்.

அவள் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் அவன் வீடுவரை துரத்திக்கொண்டு வருவான். இடுப்பிலிருந்து கவணை உருவினாள். முதல் கல்லை அவன் முன்னால் விழும்படி விட்டாள். அவன் நிற்கவில்லை. இரண்டாவது அவன் காதோரம் போனது. அவன் ஓசை எழுப்பிக்கொண்டே வந்தான், குட்டி தாயைக் கூப்பிடுகிற ஓசை. மூன்றாவது கல்லை நிதானித்து விட்டாள். அது மார்பில் பட்டது. பட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது.

அவன் நின்றான்.

"போடா," என்றாள் அவள். நரியை விரட்டும்போது கூவுகிற கூவலைக் கூவினாள். பேய்க்குப் பிறந்தவனே, திருட்டு நாயே என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு, நாலாவது, ஐந்தாவது கல்லை விட்டாள். ஒன்று முழங்காலில் பட்டது. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். கழுத்தைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான். அவள் இன்னொரு கல்லைக் கவணில் வைத்தாள். அவன் திரும்பி நொண்டிக்கொண்டு மந்தைக்குப் போனான்.

பாறை மறைவிலிருந்து மோதெஸ்தா ஏறி வந்தபோது எவரிஸ்தா உட்கார்ந்திருந்தாள். மோதெஸ்தா ரொம்பத் திட்டினாள். வராதே வராதே என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு நீயே வந்து கெடுத்தாய், இப்போதுதான் முதல் தடவையாக ஒரு பெட்டையிடம் நின்றான், இனி அவன் எதையாவது நம்புவானா என்றாள். கால் உடைந்திருந்தால் அந்தக் காலோடு அவன் எப்படி ஏறுவான் என்றும் கேட்டாள். இந்தக் கேள்விதான் எவரிஸ்தாவைக் கீழே வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது. கிடாவின் பாரமெல்லாம் முழங்காலில்தான் நிற்கும்.

இரண்டாம் நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கப்பித்தானுக்குத் தண்ணீர் காட்டி, அவன் கயிற்றை எளிதாக அவிழ்க்கும்படி அவளே தளர்த்திக் கட்டினாள். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். மத்தியானம் மோதெஸ்தா வந்தாள். கப்பித்தானைப் பார்க்காமல் நேரே குடிசைக்குள் போய் மூட்டையில் உருளைக்கிழங்கை அள்ளினாள். எவரிஸ்தா வாசலில் நின்றாள்.

"முந்தாநாள் சாயங்காலமே அந்தப் பழுப்பு," என்றாள் மோதெஸ்தா, உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து மூணு. நொண்டிக்கிட்டேதான். ஆனா ஏறுறான்." மூட்டையைக் கட்டிவிட்டு, "உப்பு எங்க வச்சிருக்க?" என்றாள்.

கார்னவால் வந்தது, போனது. எவரிஸ்தா பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லை. கிடா ஏறிப் பொலிந்தது தெரிந்துவிட்டாலும் சினை பிடித்ததா என்பது தெரியாது. ஆலங்கட்டிக்குப் பயந்த பெட்டைக்குக் கரு தங்காமல் போகலாம். நொண்டிக் கிடா சரியாக ஏறாமல் இருக்கலாம். முதல் பொலியல் வெறும் பொலியலாகவே போவதும் உண்டு. பதினைந்து நாள் கழித்துச் சோதித்தால்தான் தெரியும். சோதனைக்கு எங்களுக்கு டாக்டர் வேண்டியதில்லை. கிடாவைக் கயிற்றில் பிடித்துப் பெட்டையின் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். சினை இல்லாதது படுத்துக்கொடுக்கும். சினையானது காதைப் பின்னால் மடக்கி, வயிற்றிலிருந்து பச்சையாக எடுத்து அவன் மூஞ்சியில் துப்பும்.

சோதனையன்று மோதெஸ்தா மந்தையைக் கீழே ஓட்டி வந்தாள். எவரிஸ்தா வெளியே வரக் கூடாது என்று ஏற்பாடு. அவள் சமையல் குடிசைக்குப் பின்னால், பட்டிச் சுவரின் கல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். புகை வாசனை தன் வாசனையை மறைக்கட்டும் என்று அடுப்பில் ஈரச் சாணத்தைப் போட்டிருந்தாள். கண் எரிந்தது.

ரித்தி மெலிந்திருந்தான். மயிரில் முள்ளும் சேறும் அப்பியிருந்தன. கயிறு போட்டுப் பிடிக்க மோதெஸ்தா பட்டபாடு எவரிஸ்தாவுக்குச் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. முன்பானால் கூப்பிட்டால் வந்து நிற்பவன்.

முதலில் கொண்டுபோனது மோதெஸ்தாவின் ஒரு சாம்பல் பெட்டையிடம். அது அவனை ஒரு பார்வை பார்த்தது. முன்காலை மடக்கியது. படுத்துவிட்டது.

எவரிஸ்தா கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

இரண்டாவதும் மோதெஸ்தாவுடையதுதான். அதுவும் படுத்தது. மோதெஸ்தா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மூன்றாவதிடம் போனாள். அந்தப் பழுப்புப் பெட்டை, எவரிஸ்தாவுடையது. நாலு அடி இருக்கும்போதே அதன் காது பின்னால் மடிந்தது. தலை மேலே போனது. துப்பியது ரித்தியின் நெற்றியிலும் மோதெஸ்தாவின் தொப்பியிலும் பாதிப் பாதியாக விழுந்தது.

மோதெஸ்தா துடைத்துக்கொள்ளவில்லை. நாலாவதிடம் போனாள். துப்பியது. ஐந்தாவது துப்பிவிட்டு உதைத்தது. ஆறாவது அவனைக் கண்டதும் ஓடியே போய்விட்டது. ஏழாவது, எட்டாவது துப்பின. பட்டி முழுக்கப் புளித்த புல் நாற்றம் அடித்தது. சுவருக்குப் பின்னால் எவரிஸ்தா வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சத்தம் வெளியே போய்விடக் கூடாதே என்று. பதினாலு பெட்டைகளைச் சோதித்ததில் பதினொன்று துப்பியோ ஓடியோ மறுத்தன. மூன்று படுத்தன. மூன்றும் மோதெஸ்தாவுடையவை.

ரித்தியைப் பட்டியின் தூரத்து மூலையில் கட்டிவிட்டு மோதெஸ்தா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கன்னத்திலும் தோளில் குறுக்காகப் போட்டிருந்த சால்வையிலும் பச்சை வழிந்தது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து வரப்போகும் பேச்சு என்ன என்று எவரிஸ்தாவுக்குத் தெரியும். கெடு தாண்டி இரண்டு வாரமாகிவிட்டது. கப்பித்தான் பத்தடி தூரத்தில் கட்டிக்கிடந்தான். படுத்த பெட்டைகள் மூன்றும் இன்றைக்கே அவனுக்குப் படுக்கும்.

"உங்க பெட்டைங்க மதினி," என்றாள் எவரிஸ்தா மெல்லிய குரலில். "உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மோதெஸ்தா கப்பித்தானிடம் போனாள். எவரிஸ்தா தளர்த்திக் கட்டியிருந்த முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதை அவிழ்த்தாள். கயிற்றை இழுத்துச் சுருக்கி, அதே முளையில் இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள்.

"மழை ஓஞ்சு பொறந்தா ராத்திரி போர்வைக்குள்ள வச்சுக் காப்பாத்திக்கிறேன்," என்றாள். "மூணுதானே. நாளைக்குக் காலைல மறுபடியும் மேட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். நீ உள்ள போ. நான் கெளம்புற வரைக்கும் வெளிய தல காட்டாத."